எங்கட பிள்ளையின் படம் ஏன் பேப்பரில் வரவில்லை?

மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் கேட்டிருந்தார். அவர்களுடைய மாணவி உயர்தரக் கலைப் பிரிவில் 3 ஏ எடுத்து, மாவட்டத்தில் முன்னணி நிலை ஒன்றுக்கு வந்திருக்கிறார். ஆனால் பெறுபேறு வந்த கிழமை முழுக்கப் பத்திரிகைகளில் திருகோணமலை டவுன் பாடசாலைகளின் படங்கள்தான். இவர்கள் அனுப்பிய செய்தி வரவே இல்லை. பத்திரிகைக்காரர் எப்படித் தெரிவு செய்கிறார்கள், காசு ஏதும் கட்ட வேண்டுமா, இனி எப்படி எழுதி அனுப்புவது என்று மூன்று கேள்விகள். இந்த மாவட்டத்திலிருந்து பல வருஷம் பகுதிநேர நிருபராகச் செய்தி அனுப்பியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரீச்சர், பத்திரிகை யாரையும் தெரிவு செய்வதில்லை. மாவட்டத்தில் கெட்டிக்காரர் யார் என்று ஒருவரும் உட்கார்ந்து பட்டியல் போடுவதில்லை. பக்கம் மூடும் நேரத்துக்குள் ஒழுங்கான ஆதாரத்தோடும் பாவிக்கக்கூடிய படத்தோடும் யாருடைய விபரம் மேசைக்கு வந்து சேருகிறதோ, அவருடையது வரும். டவுன் பாடசாலைகள் முந்திக்கொள்வது இதனால்தான். 1867இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி, 1897இல் தொடங்கிய கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, 1923இல் தொடங்கிய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி போன்ற பாடசாலைகளுக்கு நீண்ட சரித்திரம், பழைய மாணவர் பலம், பத்திரிகையில் தெரிந்த முகம் எல்லாம் இருக்கின்றன. பெறுபேறு இணையத்தில் விழுந்த இரவே நிருபரின் போனுக்குப் படம் வந்துவிடும். உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாம் நாள் கடிதம் வரும். அதற்குள் பத்திரிகைக்கு அது பழைய செய்தி.

நேரம் என்று நான் சொல்வதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தினக்குரல் 1997இலும் கொழும்பில் தொடங்கியவை. உதயன் 1985இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. நாங்கள் காலையில் கையில் எடுக்கும் பேப்பர் பெரும்பாலும் வெளியூரில் அச்சாகி இரவோடு இரவாகப் பயணம் செய்து வருவது. தூர இடங்களுக்குப் போகும் பிரதிகளின் பக்கம் முந்தியே மூடிவிடும். பெறுபேறு இரவு எட்டு மணிக்கு வந்தால் அடுத்த நாள் பேப்பரில் கொழும்புப் பிள்ளையின் படம் இருக்கும், எங்கள் பிள்ளை அதற்கடுத்த நாளைக்குத்தான். அந்த அடுத்த நாளிலும் கிழக்குக்கு ஒதுக்கிய இடத்தை மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மூன்றும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரைக்கும் அந்தக் கரையிலிருந்து ஒரு படத்தை நிருபரின் கையில் சேர்ப்பதற்கே பாதை எனப்படும் மிதவைக்குக் காத்து நிற்க வேண்டும். இப்போது வட்ஸ்அப் இருக்கிறது. ஆனாலும் "டவுனில் யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள்" என்ற பழக்கம் விடவில்லை.

நிருபர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் பகுதிநேரம். பகலில் வேறு உத்தியோகம், செய்திக்குச் செய்தி கொடுப்பனவு, அதுவும் பிந்தித்தான் வரும். பகுதிநேரம் என்றவுடன் லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைப் படமெடுத்து வெளியே கொண்டுவந்தவர் சுடர் ஒளி பத்திரிகையின் பகுதிநேர நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு மாணவனின் படம் பேப்பரில் வந்தாலே வயிறு கலங்கிய காலம் அது. பெறுபேற்றுப் படங்களைப் பக்கம் நிரப்பும் சரக்கு என்று சிரிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு பிள்ளையின் முகம் நல்ல சேதிக்காகப் பேப்பரில் வருவதை இந்த ஊர் சும்மா பெற்றுக்கொள்ளவில்லை.

காசு விஷயம். செய்திக்குக் காசு இல்லை. யாராவது "படத்தோடு போடுவதற்கு இவ்வளவு" என்று உங்களிடம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆசிரியபீடத்துக்கு நேரே அழைத்துச் சொல்லுங்கள். வாழ்த்து விளம்பரம் வேறு. அதற்கு விளம்பரப் பிரிவு இருக்கிறது, எத்தனை கொலம் அகலம், எத்தனை சென்ரிமீற்றர் உயரம் என்று கணக்குப் பார்த்துக் கட்டணம் சொல்வார்கள், கலர் என்றால் கூட. நீங்கள் பார்த்த டவுன் பாடசாலைப் படங்களில் எத்தனை செய்தி, எத்தனை விளம்பரம் என்று அந்தப் பேப்பர்களை எடுத்து மறுபடி பாருங்கள். "பாராட்டி வாழ்த்துகின்றோம்" என்று முடிந்து, கீழே சங்கத்தின் பெயரோ குடும்பத்தின் பெயரோ இருந்தால் அது காசு கட்டிப் போட்டது. அதில் பிழை ஒன்றும் இல்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்கள் சேர்ந்து போடுகிறார்கள், போடட்டும். அதைப் பார்த்து உங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசை எடுத்து ஒரு நாள் விளம்பரம் போட வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். அதே காசுக்கு அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள் தொகுதிகள் வாங்கலாம்.

டியூசன் விளம்பரங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரே பிள்ளையின் முகத்தை நாலு கல்வி நிலையம் போடும். இரசாயனவியலுக்கு இரண்டு மாதம் போன இடமும் போடும், ஒரு நாள் இலவச செமினாருக்குப் போன இடமும் போடும். செய்தி எழுதும்போது நான் டியூசன் பெயர்களைக் கட்டாயம் வெட்டுவேன். சிலர் அதற்காகவே என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார்கள்.

இனி நிலைகளைப் பற்றி. இங்கேதான் பத்திரிகைகளும் பாடசாலைகளும் அதிகம் சறுக்குவது.

உயர்தரத்தில் 2001 தொடக்கம் இஸட் புள்ளிதான் கணக்கு, அதாவது பாடத்துக்குப் பாடம் உள்ள வித்தியாசத்தைச் சமன் செய்து போடும் புள்ளி. மாவட்ட நிலையும் அகில இலங்கை நிலையும் பிரிவு பிரிவாகத்தான் வரும்: உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம், வர்த்தகம், கலை, தொழில்நுட்பம் என்று. எல்லாப் பிரிவுக்கும் பொதுவாக "மாவட்டத்தில் முதலிடம்" என்று ஒன்று கிடையாது. எந்தப் பிரிவு என்று எழுதாமல் வருகிற செய்தியை ஆசிரியர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். மாவட்ட நிலை என்பது சிங்களமொழி மூலமும் தமிழ்மொழி மூலமும் ஒன்றாகச் சேர்ந்தது. "தமிழ்மொழி மூலம் மாவட்டத்தில் முதலிடம்" என்பது பாடசாலைகள் தாங்களாக விசாரித்துப் போடுகிற கணக்கு. கிண்ணியாவில் ஒரு பாடசாலையும் டவுனில் ஒரு பாடசாலையும் ஒரே பிரிவில் ஒரே நாளில் இந்த முதலிடத்தைக் கோரும், இரண்டும் அச்சாகும், பிறகு ஆசிரியருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஏச்சு. பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேற்றில் இல்லாத நிலையை எழுத வேண்டாம்.

எங்கள் மாவட்டத்தில் மாவட்ட நிலைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்ச 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. ஆகவே ஒரு பிள்ளை மருத்துவத்துக்குப் போகுமா இல்லையா என்பதை மாவட்டத்துக்குள் எத்தனையாவது என்பது பல நேரம் தீர்மானிக்கிறது. பெற்றோர் அகில இலங்கை நிலையை விட்டுவிட்டு மாவட்ட நிலையை முதலில் கேட்பது சும்மா பெருமைக்காக இல்லை. கலைப் பிரிவு உட்படச் சில பாடநெறிகளுக்கு இந்தப் பங்கீடு வேறு மாதிரி என்பதையும் உங்கள் மாணவிக்குச் சொல்லிவையுங்கள்.

மீள்பரிசீலனையையும் மறக்க வேண்டாம். விடைத்தாளைத் திரும்பப் பார்த்த பிறகு ஒருவரின் பெறுபேறு உயர்ந்தால் நிலைகள் மாறும். முதல் கிழமை வந்த படங்கள் அப்படியே மனதில் நிற்கும், பிறகு மேலே வந்த பிள்ளையின் பெயர் ஒரு மூலையில்கூட வராது. இதைப் பத்திரிகைகள் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

இதைவிடப் பெரிய விஷயம் பாடசாலை வகை. உங்களுக்குத் தெரியாததில்லை. 1ஏபி பாடசாலைகளில்தான் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கும். 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும், வகை 2 என்றால் பதினோராம் வகுப்போடு சரி. ஆகவே உயிரியலிலும் கணிதத்திலும் மாவட்ட முதல் நிலை 1ஏபி பாடசாலையிலிருந்து மட்டும்தான் வர முடியும். வெருகலிலோ ஈச்சிலம்பற்றிலோ குச்சவெளியிலோ சாதாரண தரம் வரைக்கும் படித்துக் கெட்டிக்காரராக வந்த பிள்ளை, விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்று டவுனுக்குப் போகிறது. சொந்தக்காரர் வீட்டிலோ போர்டிங்கிலோ நின்று படிக்கிறது. இரண்டரை வருஷத்துக்குப் பிறகு பேப்பரில் டவுன் கல்லூரியின் பெயர் வருகிறது. பதினொரு வருஷம் எழுத்தறிவித்த பாடசாலையின் பெயர் எங்கேயும் இல்லை. டவுன் கல்லூரியில் பிழை சொல்ல முடியாது, பிள்ளை அங்கேதான் பரீட்சை எழுதியது. ஆனால் பேப்பரை வைத்து மாவட்டத்தைப் பார்க்கிறவருக்கு, கெட்டிக்காரர் எல்லாம் டவுனில்தான் பிறக்கிறார்கள் என்றுதான் தோன்றும். நான் எழுதிய காலத்தில் "சாதாரண தரம் வரை இன்ன வித்தியாலயத்தில் கல்வி கற்றவர்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். இடம் போதாது என்று பாதி நேரம் அதைத்தான் முதலில் வெட்டினார்கள். அடுத்த முறை உங்கள் பழைய மாணவர் ஒருவர் டவுனிலிருந்து சித்தியடைந்தால், அந்த வரியோடு உங்கள் பாடசாலையே தனியாக ஒரு செய்தி அனுப்பலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, பிள்ளையினதும் வீட்டாரினதும் சம்மதம் போதும்.

இப்போது எழுதும் விதம். எனக்கு வந்துகொண்டிருந்த கடிதங்களில் பத்துக்கு எட்டு இப்படித்தான் தொடங்கும்: "எமது வித்தியாலயத்தின் மதிப்பிற்குரிய அதிபர் அவர்களின் சிறந்த வழிகாட்டலிலும், வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களின் ஆலோசனையிலும், பிரதி அதிபர், பகுதித் தலைவர், ஆசிரியர்களின் அயராத முயற்சியினாலும்..." மாணவியின் பெயர் நாலாவது பந்தியில் வரும். பத்திரிகையில் இடம் போதாவிட்டால் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள். முதல் இரண்டு பந்தியை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினால் அதிபரும் பணிப்பாளரும் மிஞ்சுவார்கள், பிள்ளை போய்விடும். அப்படியே அச்சானதும் உண்டு.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"மூதூர் கல்வி வலயத்துக்குட்பட்ட (பாடசாலையின் பெயர்) மாணவி (முழுப்பெயர்), வெளியாகியுள்ள க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளின்படி கலைப் பிரிவில் தமிழ், இந்து நாகரிகம், புவியியல் ஆகிய பாடங்களில் 3 ஏ சித்திகளைப் பெற்று, திருகோணமலை மாவட்டத்தில் (நிலை) இடத்தைப் பெற்றுள்ளார். இவர் இப்பாடசாலையில் முதலாம் தரம் முதல் கல்வி கற்றவர்."

அவ்வளவுதான். இரண்டே வசனம். எங்கே வெட்டினாலும் பிள்ளை தப்பும். இதற்குப் பிறகு இன்னொரு பந்தி எழுத விரும்பினால், எது இந்தச் சித்தியை மற்றச் சித்திகளிலிருந்து வேறாக்குகிறதோ அதை எழுதுங்கள். இந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல் இருந்ததா? இந்தப் பாடசாலையிலிருந்து மாவட்ட நிலை ஒன்று வருவது இதுதான் முதல் தடவையா? அதுதான் செய்தி. 3 ஏ எடுத்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் ஆசிரியர் உங்கள் பிள்ளையை மேலே எடுத்து வைப்பார். ஆனால் வீட்டு வறுமையை எழுதுவதாக இருந்தால் பிள்ளையிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். "கூலித் தொழிலாளியின் மகள் சாதனை" என்ற தலைப்பு வாசகருக்குப் பிடிக்கும். அந்தப் பிள்ளை நாளைக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது அந்தத் தலைப்பும் கூடவே போகும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பெயரின் எழுத்தைப் பிள்ளையிடமே எழுதி வாங்குங்கள். பெறுபேறு ஆங்கிலத்தில் இருப்பதால், தர்சிகாவா தர்ஷிகாவா என்று நிருபர் ஊகிக்க வேண்டி வரும். தகப்பனின் பெயர் முதலெழுத்தும் அப்படித்தான்.

படம்: அதிபர், பிரதி அதிபர், சங்கத் தலைவர் எல்லோரும் நடுவில் நிற்க, மாலை போட்ட பிள்ளை ஓரத்தில் பாதி தெரிகிற படத்தை அனுப்பாதீர்கள். ஸ்டூடியோவில் எடுத்த நீலப் பின்னணிப் பாஸ்போர்ட் படம் போதும். லமினேற் பண்ணிய படத்தைப் போனால் எடுத்தால் நடுவில் வெள்ளையாக ஒளி அடிக்கும், முகம் தெரியாது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும், டொக்கியூமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். சில வீடுகளில் பெண் பிள்ளையின் படம் வர வேண்டாம் என்பார்கள். பெயரை மட்டும் போடச் சொல்லலாம், பத்திரிகைகள் மறுக்காது.

இன்னொன்று மிக முக்கியம். பெறுபேற்றுத் தாளை அப்படியே படமெடுத்துப் பேஸ்புக்கில் போட வேண்டாம், நிருபருக்கு அனுப்பும்போதும் "ஆதாரத்துக்கு மட்டும், அச்சுக்கு இல்லை" என்று எழுதி அனுப்புங்கள். அதில் பிள்ளையின் பரீட்சைச் சுட்டெண் இருக்கும். சுட்டெண்ணை வைத்துத் திணைக்கள இணையத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பிள்ளையின் பெறுபேற்றைப் பார்க்கலாம். அடையாள அட்டை இலக்கம் தெரிந்தாலும் அப்படித்தான். முதல் நிலை எடுத்த பிள்ளைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் ஒரு பாடசாலை முழு வகுப்பின் பட்டியலையும் சுட்டெண்ணோடு ஒட்டினால், சித்தியடையாத பிள்ளைகளையும் சந்தியில் நிறுத்தியது போலாகிவிடும்.

சாதாரண தரத்தில் 9 ஏ எடுத்தவர்களின் பட்டியலைத் தனித் தனிப் படமாக அனுப்பாமல் ஒரே செய்தியாக அனுப்புங்கள், வரும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பிள்ளைகளின் படத்தை நானாக இருந்தால் அனுப்பவே மாட்டேன். பத்து வயதுப் பிள்ளையை வீதியில் பனர் அடித்துத் தொங்கவிடுவதும் அதே வகுப்பில் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை தினமும் அதற்குக் கீழால் பாடசாலைக்குப் போவதும் எனக்குப் பொறுக்காத காட்சி.

பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் கதை இன்னும் மோசம். நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. சித்த மருத்துவம், கணினி விஞ்ஞானம், தொடர்பாடல் என்று படிக்கிறார்கள். முதல் வகுப்புச் சித்தியும் தங்கப் பதக்கமும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டமளிப்பு விழா மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலையில் நடப்பது வழக்கம் என்பதால் அதை மட்டக்களப்பு நிருபர்தான் எழுதுவார். பிரதம விருந்தினர் யார், எத்தனை பேருக்குப் பட்டம் என்பதோடு செய்தி முடிந்துவிடும். உயர்தரத்தில் மாவட்ட நிலை எடுத்தபோது அரைப் பக்கம் கொடுத்த அதே பிள்ளை, நாலு வருஷம் கழித்துத் தங்கப் பதக்கம் எடுக்கும்போது ஒரு வரிகூட இல்லை. பாடசாலைகள் தங்கள் பழைய மாணவரின் பட்டத்தையும் அனுப்பத் தொடங்கினால் இது மாறும். பத்திரிகை தானாக மாறாது.

பிழையாக அச்சானால், பெயரோ நிலையோ மாறி வந்தால், அன்றைக்கே ஆசிரியருக்கு அழைத்துத் திருத்தம் கேளுங்கள். போட மறுத்தால் 2003இல் தொடங்கிய இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது, கடிதம் எழுதலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டி வராது.

உங்கள் மாணவியின் விஷயத்தில் நேரம் இன்னும் போய்விடவில்லை. பெறுபேறு வந்த கிழமையின் செய்தி போனது போனதுதான், அதைத் திரும்ப அனுப்பினாலும் போடமாட்டார்கள். ஆனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வெட்டுப்புள்ளி சில மாதம் கழித்து வரும். அவருடைய இஸட் புள்ளிக்குச் சட்டப் படிப்புக் கிடைத்தால், கொழும்போ பேராதனையோ யாழ்ப்பாணமோ, அது புதுச் செய்தி. "மூதூர் மாணவி சட்டப் படிப்புக்குத் தெரிவு" என்று அன்றைக்கே அனுப்புங்கள். கிழக்கின் மூன்று நிருபர்களின் இலக்கத்தை இப்போதே எடுத்து வையுங்கள், ஒருவரை மட்டும் நம்ப வேண்டாம். அதிபரின் உறுதிப்படுத்தல் கடிதத்தையும் இப்போதே கையொப்பம் வைத்து வாங்கிவிடுங்கள். வெட்டுப்புள்ளி வருகிற நாளில் அதிபர் கட்டாயம் வலயத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருப்பார்.